உள்ளங்கை வியர்வையில் பயத்தைக் கணக்கிட முடியுமா? ஆய்வகத்திலிருந்து ஸ்மார்ட்வாட்ச் வரை ஒரு பார்வை

திருவல்லிக்கேணியில் நடந்து பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் திரும்பும்போது, வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் மாடு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். 2023 அக்டோபரில் இந்தப் பகுதியில் மாடு முட்டிப் படுகாயமடைந்த முதியவர் ஒருவர், சில நாள் சிகிச்சைக்குப் பிறகு உயிரிழந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அரும்பாக்கத்தில் பள்ளி முடிந்து வீடு திரும்பிய சிறுமியை மாடு முட்டித் தூக்கி வீசிய சிசிடிவி காட்சி எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது.

அதுவரை தெருவோடு தெருவாக நின்ற மாடு, அதற்குப் பிறகு பலருக்கும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கழுத்துமணிச் சத்தம் கேட்டாலே சிலருக்கு மனசு திக்கென்கிறது. “அந்தச் சந்து வேண்டாம்ப்பா, சுத்திப் போயிடலாம்” என்கிறார்கள். முன்பு எந்த அர்த்தமும் இல்லாத ஒரு சத்தமோ, ஒரு தெருமுனையோ ஆபத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்வதற்கு உளவியலில் ‘பயக் கற்றல்’ என்று பெயர். இது நோய் அல்ல, உயிர் பிழைக்க உடம்பு கற்றுக்கொள்ளும் பாடம். ஆபத்து போன பிறகும் பாடம் மட்டும் போகாமல் தங்கிவிட்டால்தான் பிரச்சினை. விபத்துக்குப் பிறகு பைக்கைத் தொடவே முடியாதவர்கள், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடல் பக்கம் திரும்பவே மறுத்த குழந்தைகள் என்று இதற்கு எத்தனையோ முகங்கள்.

இப்படித் தங்கிவிட்ட பயத்தைக் குறைக்க ஒரு சிகிச்சையோ மருந்தோ வேலை செய்கிறதா என்று எப்படிச் சொல்வது? முதலில் பயத்தை அளக்க வேண்டும். ஆளிடமே கேட்டால், “பயமா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்பார். பொய் சொல்கிறார் என்றில்லை. பல நேரம் அவருக்கே தெரியாது. அதனால்தான் விஞ்ஞானிகள் வாயை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்க்கிறார்கள்.

கை வியர்த்தால் என்ன நடக்கிறது?

உடம்பிலேயே வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். நெற்றியும் முதுகும் முக்கியமாக வெயிலுக்கு வியர்க்கும். உள்ளங்கையோ வெயிலைவிடப் பதற்றத்துக்கு அதிகமாக வியர்க்கும். இந்தச் சுரப்பிகளை இயக்குவது பரிவு நரம்பு மண்டலம், அதாவது ‘ஓடு அல்லது எதிர்த்து நில்’ என்று உடம்பைத் தயார்படுத்தும் நரம்பு வலை. அது ஒரு சிறு சமிக்ஞை அனுப்பினால் சுரப்பியின் குழாயில் வியர்வை ஏறுகிறது. வியர்வை உப்புத் தண்ணீர், அதில் மின்சாரம் எளிதாகப் பாயும். உணரவே முடியாத அளவு, அரை வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, இரண்டு இடங்களுக்கு இடையே எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்தால் சுரப்பியின் வேலை தெரிந்துவிடும். இதுதான் தோல் மின்கடத்தல். அலகு மைக்ரோசீமென்ஸ்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பிரான்ஸில் ஷார்ல் ஃபெரே 1888இலும், ரஷ்யாவில் இவான் தர்கானோவ் 1890இலும் உணர்ச்சிவசப்படும்போது தோலின் மின் குணம் மாறுவதைப் பதிவு செய்தார்கள். உளவியலாளர் கார்ல் யுங், 1900களின் தொடக்கத்தில், வார்த்தைகளைச் சொல்லச் சொல்ல எந்த வார்த்தைக்கு ஆளின் கை ‘பேசுகிறது’ என்று பார்க்க இதைப் பயன்படுத்தினார்.

ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் தோல் மின்கடத்தல் பொதுவாக 2 முதல் 20 மைக்ரோசீமென்ஸ் வரை இருக்கும். திடீரென்று கதவு அறைந்தால் அது பெரும்பாலும் ஒரு மைக்ரோசீமென்ஸுக்கும் குறைவாகத்தான் ஏறும். அதுவும் உடனே ஏறாது. சத்தம் கேட்டு 1 முதல் 3 நொடி கழித்துதான் கோடு மேலே கிளம்பும். உச்சத்தைத் தொட இன்னும் சில நொடி. பழைய நிலைக்கு இறங்கவோ அதைவிட அதிக நேரம். இந்த மந்தமான ஏற்ற இறக்கம்தான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம்.

சதுரம் வந்தால் ஷாக், வட்டம் வந்தால் இல்லை

ஆய்வகத்தில் மாட்டைக் கொண்டுவர முடியாது. அதனால் கணினித் திரை. தன்னார்வலரின் கையில் இரண்டு மின்முனைகள் ஒட்டுவார்கள். மற்றொரு கையில், வலிக்கும் ஆனால் காயப்படுத்தாத மின் அதிர்ச்சி தரும் ஒரு சின்னக் கருவி. திரையில் ஒரு நேரம் சதுரம் வரும், இன்னொரு நேரம் வட்டம் வரும். சதுரத்துக்குப் பிறகு சில சமயம் ஷாக் அடிக்கும். வட்டத்துக்குப் பிறகு ஒருபோதும் அடிக்காது. கொஞ்ச நேரத்தில் சதுரத்தைப் பார்த்ததுமே கை வியர்க்க ஆரம்பிக்கும். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் உள்ள வியர்வை வித்தியாசம்தான் ‘கற்ற பயம்’.

ஏன் ‘சில சமயம்’ மட்டும்? ஒவ்வொரு சதுரத்துக்கும் ஷாக் கொடுத்தால், வியர்த்தது சதுரத்தைப் பார்த்தா, ஷாக் வாங்கியா என்று பிரிக்க முடியாது. பாதிச் சதுரங்களை ஷாக் இல்லாமல் விட்டால், அந்த முறைகளில் தெரிவது எதிர்பார்ப்பு மட்டும்தான். வலி வருவதற்கு முன்பே உடம்பு போடும் கணக்கு அது.

அடிபம்பும் குடமும்

இதுவரை கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. பல ஆண்டுகளாக ஆய்வகங்களும் அப்படித்தான் எளிதாகச் செய்தன. சதுரம் வந்த பிறகு, உதாரணமாக 1 முதல் 4 நொடிக்குள், கோட்டின் பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். அந்த எண்தான் பயம்.

இதில் என்ன தப்பு என்று புரிய, தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளலாம். கைப்பிடியை ஒரு தடவை அழுத்தினால் தண்ணீர் உடனே வராது, ஒரு கணம் தாமதித்துத்தான் வரும். அழுத்துவதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் வழிந்துகொண்டே இருக்கும். முதல் அழுத்தலின் தண்ணீர் நிற்பதற்குள் இரண்டாவது அழுத்தினால் இரண்டு தண்ணீரும் கலந்து கொட்டும். இப்போது பம்பு அடிப்பவரைப் பார்க்காமல், குழாய் வாயில் விழும் தண்ணீரை மட்டும் பார்த்து, ‘எத்தனை தடவை, எப்போது, எவ்வளவு பலமாக அழுத்தினார்?’ என்று சொல்ல வேண்டும்.

இங்கே கைப்பிடி என்பது நரம்பு, தண்ணீர் என்பது வியர்வை. விஞ்ஞானிக்குத் தேவை நரம்பின் கதை. கையில் கிடைப்பதோ வியர்வையின் கோடு. மேட்டை மட்டும் அளப்பவர், முந்தைய ஷாக்கின் மிச்ச வழிசலையும் சேர்த்து அளந்துவிடுவார். பழைய கோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது புதிய மேடு எழுந்தால், அது உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். போதாததற்கு, எந்தக் காரணமும் இல்லாமலேயே, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 1 முதல் 3 தடவை கை தானாகச் சின்னதாக வியர்க்கும். அதில் ஒன்று சதுரம் வந்த நேரத்தோடு தற்செயலாக ஒத்துப்போனால், அதுவும் பயக் கணக்கில் ஏறிவிடும்.

கணித மாதிரி இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. முதலில், ஒரே ஒரு அழுத்தலுக்குத் தண்ணீர் எந்த வடிவில் ஏறி இறங்கும் என்று நிறையப் பேரிடம் அளந்து ஒரு பொது வடிவம் எடுக்கிறார்கள். பிறகு இரண்டு அனுமானங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதே வடிவம்தான் வரும், அளவு மட்டும் மாறும் என்பது ஒன்று. அடுத்தடுத்த அழுத்தல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும் என்பது இன்னொன்று. அதன்பின் கணினி பின்னோக்கி வேலை செய்கிறது. ‘இந்த நொடியில் இவ்வளவு நரம்புச் சமிக்ஞை வந்திருந்தால் கோடு எப்படி இருந்திருக்கும்?’ என்று கற்பனைக் கோடு ஒன்றை வரைந்து, உண்மைக் கோட்டோடு ஒப்பிட்டு, இரண்டும் முடிந்தவரை பொருந்தும்வரை மாற்றிக்கொண்டே போகும். பொருந்திய இடத்தில் கிடைக்கும் நரம்புச் சமிக்ஞையின் அளவுதான் விடை.

டொமினிக் பாக் என்ற மருத்துவ விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2009 முதல் இந்த வழியில் தொடர்ந்து வேலை செய்து, ‘பிஎஸ்பிஎம்’ என்ற இலவச மென்பொருளாக வெளியிட்டார்கள். பெனடெக், கெர்ன்பாக் ஆகியோர் 2010இல் வேறொரு கணித வழியைக் கொடுத்தார்கள். ‘லெடாலேப்’ என்ற மென்பொருளில் அது இருக்கிறது. எல்லாமே அனுமானத்தில் நிற்பவைதான். ஆனால் ‘மேடு கழித்தல் பள்ளம்’ என்ற பழைய முறையும் அனுமானத்தில்தான் நிற்கிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

எந்தத் தராசு சரி?

சரி, பத்து முறைகள் இருந்தால் எது நல்லது என்று எப்படி முடிவு செய்வது? ஜாம்பஜார் கடையில் தராசு சரியா என்று பார்க்க, ஏற்கெனவே எடை தெரிந்த முத்திரைக் கல்லை வைத்துப் பார்ப்பார்கள். பயத்துக்கு முத்திரைக் கல் எது?

பாக்கும் சக ஆய்வாளர்களும் 2020இல் ‘நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர்’ இதழில் வைத்த யோசனை இதுதான். ஷாக்கோடு சேர்ந்து வந்த சதுரம், ஷாக்கே வராத வட்டத்தைவிட அதிகம் பயமுறுத்தும் என்பது தெரிந்த விஷயம். அந்தத் தெரிந்த வித்தியாசத்தை எந்த முறை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறதோ அதுவே நல்ல தராசு. புதிதாக எதையும் நிரூபிக்கும் முன், ஏற்கெனவே தெரிந்ததைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது. இந்தச் சோதனையில் மாதிரி அடிப்படையிலான முறைகள் பல ஒப்பீடுகளில் பழைய மேடு-பள்ளக் கணக்கைவிட நன்றாகச் செய்திருக்கின்றன.

இதனால் யாருக்கு என்ன லாபம்? தராசின் தெளிவு 1.4 மடங்கு கூடினால், அதே முடிவுக்கு வரத் தேவையான ஆட்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகும். ஷாக் வாங்க வேண்டியவர்கள் பாதி, செலவு பாதி. அதைவிட முக்கியம், உண்மையில் வேலை செய்யும் மருந்தை ‘வேலை செய்யவில்லை’ என்று தூக்கிப் போடும் ஆபத்து குறையும். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக், பயம் நினைவாகப் பதிவதைக் குறைக்குமா என்று சூரிக் நகரில் சுமார் 80 ஆரோக்கியமானவர்களிடம் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களின் பய எதிர்வினை சுமார் 60% குறைவாக இருந்தது. (அதில் கடைசி அளவுகோல் வியர்வை அல்ல, திடீர்ச் சத்தத்துக்குக் கண் சிமிட்டும் பலம்.) இவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்து இவ்வளவு பெரிய விஷயத்தைப் பேச வேண்டுமென்றால், தராசு ஆடாமல் இருந்தாக வேண்டும். இது ஆரம்பகட்ட ஆய்வு என்பதால், யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடத் தேவையில்லை.

அளப்பது பயத்தையா, வேறு எதையோவா?

1995இல் அந்துவான் பெச்சாராவும் சக ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆச்சரியமான முடிவை வெளியிட்டார்கள். நீல நிறம் வந்தால் பெரிய படகு ஹாரன் சத்தம் வரும், மற்ற நிறங்களுக்கு வராது. மூளையில் அமிக்டலா என்ற பகுதி இரண்டு பக்கமும் சேதமடைந்த ஒருவருக்குக் கை வியர்க்கவே இல்லை. ஆனால் கேட்டால், “நீலம் வந்தால் ஹாரன் வரும்” என்று சரியாகச் சொன்னார். நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் சேதமடைந்த இன்னொருவர் இதற்கு நேர் எதிர். நீலத்துக்குக் கை வியர்த்தது, ஆனால் எந்த நிறத்துக்கு ஹாரன் வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. தெரிந்துகொள்வது வேறு, உடம்பு கற்றுக்கொள்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கஷ்டம்.

அப்படியானால் வியர்வை என்பது கலப்படமில்லாத பயமா? அதுவும் இல்லை. 2009இல் நெதர்லாந்தின் மெரல் கிண்ட் குழு, ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பயத்தை நினைவுபடுத்தியபோது, அடுத்த நாள் கண் சிமிட்டல் பயம் மறைந்தது. வியர்வையோ அப்படியே இருந்தது. ‘ஷாக் வரும்’ என்ற எதிர்பார்ப்பு மாறாததால் வியர்வையும் மாறவில்லை என்பது அவர்களுடைய விளக்கம். (பிறகு வேறு ஆய்வகங்கள் முயன்றபோது இந்த முடிவு எப்போதும் திரும்பக் கிடைக்கவில்லை.)

இந்தக் குழப்பத்தை அவிழ்க்க இரண்டாவது மாதிரி ஒன்று தேவைப்படுகிறது. முதல் மாதிரி வியர்வையிலிருந்து நரம்புக்குப் போனது. இது நரம்பிலிருந்து கற்றலுக்குப் போகிறது. 1972இல் ரெஸ்கார்லா, வாக்னர் என்ற இருவர் கொடுத்த சூத்திரம் இதில் பிரபலம். எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு தடவையும் கற்கிறோம். அந்தப் பங்கு 0.3 என்று வைத்தால், முதல் ஷாக்குக்குப் பிறகு எதிர்பார்ப்பு 0.30. அடுத்த ஷாக்குக்குப் பிறகு 0.51, அதற்கடுத்து 0.66. இப்போது ஒரு தடவை ஷாக் வராவிட்டால் 0.46க்கு இறங்கும். பயம் ஆரம்பத்தில் சட்டென்று ஏறுவதும், பிறகு மெதுவாவதும் இந்த நாலு எண்ணிலேயே தெரிகிறது.

அதினா ட்சோவரா, கிறிஸ்டோஃப் கோர்ன், பாக் மூவரும் 2018இல் இப்படிப் பல கற்றல் சூத்திரங்களை மனிதத் தரவோடு பொருத்திப் பார்த்தார்கள். கண் பாவையின் விரிவு, ‘ஷாக் வரும் வாய்ப்பு எவ்வளவு’ என்பதைப் பின்தொடர்ந்தது. தோல் மின்கடத்தலோ அந்த வாய்ப்பையும், ‘எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லையே’ என்ற தயக்கத்தையும் சேர்த்தே காட்டியது. தினமும் முட்டும் மாடு என்றால் ஒதுங்கிவிடலாம். முட்டுமா முட்டாதா என்று தெரியாத மாட்டைப் பார்த்தாலும் கை வியர்க்கும் என்பதை இதோடு பொருத்திப் பார்க்கலாம்.

‘இவர் கணக்கில் வரமாட்டார்’

இந்தத் துறையின் சங்கடமான பக்கமும் உண்டு. சிலருக்குக் கை அவ்வளவாக வியர்க்காது. அவர்களை ‘எதிர்வினை இல்லாதவர்’ என்று ஆய்விலிருந்து நீக்கிவிடுவது பழக்கம். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் ‘கற்காதவர்’ என்று நீக்குவதும் உண்டு. டினா லான்ஸ்டார்ஃப் குழு 2019இல் இதை அலசியபோது, யாரை நீக்குவது என்பதற்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு வேறு விதி இருப்பது தெரிந்தது. பயத்தைக் கற்பதில் மனிதர்கள் எப்படி வேறுபடுகிறார்கள் என்று ஆராய்கிறோம் என்று சொல்லிவிட்டு, வேறுபடுகிறவர்களையே வெளியே அனுப்புவது என்ன நியாயம்?

இதில் தோலின் நிறமும் வருகிறது. அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் தோல் மின்கடத்தல் அளவு சராசரியாகக் குறைவாகப் பதிவாவதையும், அதனால் அவர்கள் அதிகமாக நீக்கப்படும் வாய்ப்பு இருப்பதையும் சுட்டிக்காட்டியது. ஐரோப்பாவின் ஏசி அறையில் எடுத்த வடிவத்தை அப்படியே கொண்டுவந்து, பலவிதத் தோல் நிறமும் கடற்கரைப் புழுக்கமும் உள்ள சென்னை மாதிரி ஊரில் பொருத்தினால் என்னாகும் என்ற கேள்வியை இங்கே கேட்காமல் இருக்க முடியாது. சூடும் ஈரப்பதமும் இந்த அளவீட்டைப் பாதிக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அதே வியர்வை, வேறு அறை

திருவல்லிக்கேணியிலிருந்து மெரினாவை ஒட்டிக் காமராஜர் சாலையில் தெற்கே போனால், மயிலாப்பூர் எல்லையில் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அலுவலகம் வரும். செய்திகளில் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்று படிக்கிறோமே, அதற்கும் இந்தத் துறைக்கும் தொடர்பு உண்டு. திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில் சந்தேகத்துக்குரியவர்களுக்கு 2023 ஜனவரியில் அந்தச் சோதனை சென்னையில்தான் நடந்தது. மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு அந்தக் கருவி பதிவு செய்யும் முக்கியமான கோடு, விரல் நுனியின் இதே தோல் மின்கடத்தல்தான்.

ஆனால் இரண்டு அறைகளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆய்வகத்தில் சதுரம், வட்டம், ஷாக் மூன்றையும் தீர்மானிப்பது ஆய்வாளர். முத்திரைக் கல் அவர் கையில். விசாரணை அறையில் அது கிடையாது. குற்றம் செய்தவர் மாட்டிக்கொள்வோமோ என்று வியர்ப்பதும், செய்யாதவர் நம்பமாட்டார்களோ என்று வியர்ப்பதும் காகிதத்தில் ஒரே கோடு. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003இலேயே, இந்தச் சோதனையின் அறிவியல் அடித்தளம் பலவீனமானது என்று அறிக்கை கொடுத்தது.

இந்தியாவில் 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனையை நடத்தக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவும், தனிமனிதச் சுதந்திரத்தைக் காக்கும் 21ஆவது பிரிவும் இதற்கு அடிப்படை. சம்மதித்துக் கொடுத்தாலும், சோதனை முடிவையே சாட்சியமாக ஏற்க முடியாது. அதன் உதவியால் பிறகு கண்டெடுக்கும் பொருளையோ தகவலையோ மட்டும் சட்டப்படி ஏற்கலாம்.

இப்போது இந்தச் சென்சார் மணிக்கட்டுக்கும் வந்துவிட்டது. 2020இல் வந்த ஃபிட்பிட் சென்ஸ் வாட்சில் தோல் மின்கடத்தல் அளக்கும் வசதி இருந்தது. உள்ளங்கையை வாட்சின் மேல் சில நிமிடம் வைத்திருந்தால், எத்தனை தடவை மேடு எழுந்தது என்று எண்ணிச் சொல்லும். மணிக்கட்டில் உள்ளங்கை அளவுக்கு வியர்வைச் சுரப்பி இல்லை என்பதால்தான் கையை மேலே வைக்கச் சொன்னார்கள். மேடு எழுந்த நொடியில் மேனேஜரின் மெசேஜ் வந்ததா, சேப்பாக்கத்தில் சிஎஸ்கே விக்கெட் விழுந்ததா, இல்லை எதுவுமே நடக்காமல் கை தானாக வியர்த்ததா என்பது மட்டும் அந்த வாட்சுக்குத் தெரியாது.